ஒழுகும் ஏ.சி.யும் ஓயாத கேஸ் வைத்தியமும்

கூரையில் ஏ.சி. பொருத்திய வண்டி ஒன்றினுள் தண்ணீர் சொட்டத் தொடங்கினால், காரணத்தை யாரும் தேடுவதில்லை. தீர்ப்பை மட்டும் உடனே சொல்லிவிடுகிறார்கள். விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாகச் சேத்தியாத்தோப்புக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போகும் சாலையிலாகட்டும், மந்தாரக்குப்பத்தைத் தாண்டிப் பண்ருட்டி நோக்கிப் போகும் சாலையிலாகட்டும், எந்தப் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், ‘கேஸ் இறங்கிவிட்டது, ஏற்ற வேண்டும்’ என்று ஒருவர் சொல்வார்; அவர் சொல்லாவிட்டால், ‘கூரை ஒழுகுகிறது, சிலிக்கான் அடித்துவிடலாம்’ என்று இன்னொருவர் சொல்வார்; இருவருமே சொல்லாத இடத்தில், ‘ஏ.சி. என்றால் சொட்டத்தான் செய்யும், குளிர் வருகிறதா இல்லையா, அது போதும்’ என்று வண்டிக்காரரே தம்மைச் சமாதானப்படுத்திக்கொள்வார். இந்த மூன்று அபிப்பிராயங்களும் நாளடைவில் சித்தாந்தங்களாக ஊன்றிவிட்டன. நெய்வேலி நகரியத்துக் குடியிருப்புகளில் சுவரில் மாட்டிய ஏ.சி.க்கும், சென்னைக்கு இரவில் போகும் படுக்கை பஸ்ஸுக்கும், சினிமாக்காரர்களின் கேரவனுக்கும் இவைதாம் பிரமாணம். மூன்றும் தவறு என்பதும், அவற்றுள் முதல் இரண்டும் பணத்தையும் யந்திரத்தையும் ஒருங்கே பாழாக்கும் தவறுகள் என்பதும் என் துணிபு.

முதலில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால், ஒழுகும் நீரை ஏதோ யந்திரத்தின் உடம்பிலிருந்து கசியும் திரவமென்று எண்ணுவதுதான் இத்தனை மயக்கத்துக்கும் மூலம். ஏ.சி. யந்திரத்துக்குள் தண்ணீர் என்ற பொருளே ஊற்றப்படுவதில்லை. சொட்டுகின்ற ஒவ்வொரு துளியும் நாம் சுவாசிக்கும் காற்றில் ஆவியாகக் கலந்திருந்த நீர். கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் எல்லைக்குள் கிடக்கும் இந்தக் கடலூர் மாவட்டத்துச் சமவெளியில், ஐப்பசி கார்த்திகை இரவொன்றில், வெப்பமானி 26 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறும் காட்டுகின்ற வேளையில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்த காயிலைத் தொட்டுக்கொண்டு போகும்போது, ஒன்பது கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீரைத்தான் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியும். எஞ்சிய பன்னிரண்டு கிராமும் காயிலின் தகடுகளில் துளித்துளியாகப் படிந்து கீழே வழிந்தே ஆக வேண்டும். ஐஸ் போட்ட மோர் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதைப் பார்த்து டம்ளர் ஓட்டையென்று யாரும் சொல்வதில்லை. ஏ.சி.யின் விஷயத்தில் மட்டும் அந்தச் சாதாரண ஞானம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

இதில் பிரயாணிகளின் பங்கும் சேர்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் மூச்சிலும் வேர்வையிலும் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீர் காற்றில் கலக்கிறது. முப்பத்தாறு பேர் படுத்திருக்கும் பஸ் ஒன்று விருத்தாசலத்தில் புறப்பட்டு ஐந்து மணி நேரத்தில் சென்னை சேருகிறதென்று வைத்துக்கொண்டால், அவர்களிடமிருந்து மட்டும் ஒன்பது லிட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீர், கூரையிலுள்ள அந்த யந்திரத்தின் வழியாக வெளியேறியாக வேண்டும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரக் காற்றின் கணக்கு இதற்குப் புறம்பானது. வேறொரு விதமாகவும் இதைக் கணக்கிடலாம்: ஒரு டன் ஏ.சி. என்பது மூன்றரைக் கிலோவாட் வெப்பத்தை அகற்றும் சக்தி உடையது. அந்தச் சக்தியில் கால் பங்கு ஆவியை நீராக்குவதில் செலவானாலும், மணிக்கு ஒன்றேகால் லிட்டர் நீர் கீழே இறங்கும். எனவே நீர் உண்டாவது யந்திரத்தின் நோயன்று. நீர் உண்டாகாவிட்டால்தான் நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்த யந்திரத்தின் ஜனன சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1902-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டிய வர்ணங்கள் இடம் பிசகிப் பதிந்தன. அந்தச் சங்கடத்தைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த திட்டத்திலிருந்துதான் இன்றைய ஏ.சி. பிறந்தது. அதாவது, மனிதரின் உடம்பைக் குளிர்விப்பதற்கு முன்பே, காற்றிலுள்ள நீரைப் பிரித்தெடுப்பதுதான் அதற்கு விதிக்கப்பட்ட முதற்கடமை. பிரித்தெடுத்த நீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது அந்தக் கடமையின் பிரிக்க முடியாத மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் நம் பட்டறைகள் மறந்துவிட்டன.

கூரை ஏ.சி.யில் இந்த மறுபாதி எப்படி நிறைவேறுகிறதென்று பார்ப்போம். வீட்டு ஏ.சி. சுவரோரமாகத் தொங்குவதால், ஒழுகினால் சுவர் நனையும், கூரை ஏ.சி.யோ மனிதர்களின் தலைக்கு மேலேயே தன் நீர்த்தொட்டியை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆம்னி பஸ்ஸில் காயிலுக்கு அடியில் இரு பக்கமும் நீளமான ட்ரே இருக்கும். அதில் விழும் நீர் முனைகளிலுள்ள துளைகளின் வழியாக ரப்பர் குழாய்களில் இறங்கி, பஸ்ஸின் பக்கத் தூண்களுக்குள்ளேயே ஓடி, சக்கரங்களுக்கருகில் சாலையில் விழ வேண்டும். சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் தயாராகும் இன்றைய ஏ.சி. ரயில் பெட்டிகளிலும் இரு முனைகளிலும் கூரைமேல் ஒவ்வொரு யந்திரமாக இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் நீரும் குழாய்வழிதான் வெளியேறுகிறது. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் டிரெய்லர் வீடுகளுக்கென்று செய்யப்படும் யந்திரத்தில் பெரும்பாலும் குழாயே கிடையாது. அடித்தட்டில் சேரும் நீர் அதன் துளைகளின் வழியே வண்டியின் கூரைமேலேயே வழிந்து, ஓரமாக ஓடித் தரையில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிய பிறகு, படப்பிடிப்புத் தளங்களுக்கு அப்பாலும் இத்தகைய வண்டிகள் நம் சாலைகளில் பழக்கமாகி வருகின்றன. ஆகையால் இந்த வேறுபாட்டை நம் மெக்கானிக்குகள் அறிந்திருப்பது இனி அவசியம்.

இந்த அமைப்பை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கேஸ் சித்தாந்தத்தைப் பரிசீலிப்போம். ஏ.சி.யிலுள்ள கேஸ், பெட்ரோலைப் போல ஓட ஓடச் செலவாகும் பொருளன்று. மூடிய செப்புக் குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும் அது, குழாயில் கசிவு இல்லாதவரை, யந்திரத்தின் ஆயுட்காலம் முழுவதும் அளவு குன்றாமல் இருக்க வேண்டியது. குன்றிவிட்டதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுவது மீண்டும் ஒருமுறை அதைக் காற்றில் விடுவதற்கான முன்னேற்பாடே. ‘வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் ஏத்தணும்’ என்று வழங்கும் வாசகத்துக்கு யந்திர சாஸ்திரத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

எதிர்த்தரப்பாருக்கு இங்கே ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதம் செய்ய நான் விரும்பவில்லை. கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதி அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதன்மேல் படியும் நீர் பனிக்கட்டியாக உறைந்துவிடும்; பிறகு யந்திரம் நிற்கும்போது அந்தக் கட்டி மொத்தமாக உருகி, ட்ரேயின் கொள்ளளவை மீறி வழியும். அவர்கள் சொல்வது முழுப் பொய்யன்று என்பதற்கு இதுவே காரணம். ஆயினும், காயில் உறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கேஸ் குறைவைவிடப் பன்மடங்கு சாதாரணமானது. ஃபில்டரில் தூசி அடைந்து காற்றோட்டம் குறைந்தாலும் காயில் இதே போல உறையும். முன்னதற்குக் கேஜும் சிலிண்டரும் வேண்டும். பின்னதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். இரண்டும் ஒரே அறிகுறியைக் காட்டும்போது, வாளித் தண்ணீரை முதலில் பயன்படுத்தாமல் சிலிண்டரைத் தேடிப் போவது எந்தச் சிகிச்சை முறையிலும் சேராது. தவிர, கேஸ் உண்மையாகவே குறைந்திருந்தால் குளிர் தளர்ந்திருக்க வேண்டும், காயிலில் வெண்பனி கண்ணுக்குத் தெரிய வேண்டும். குளிர் நன்றாக வந்துகொண்டிருக்க, பனியும் இல்லாதிருக்க, தண்ணீர் மட்டும் சொட்டுகிறதென்றால், கேஸின்மேல் பழி போடுவதற்கு இடமே இல்லை.

‘அப்படியானால் கேஸ் ஏற்றியதும் ஒழுகல் நின்றுவிடுகிறதே, அது எப்படி?’ என்பது அனுபவஸ்தர்கள் எழுப்பும் பலமான ஆக்ஷேபம். இதற்குரிய விடை பட்டறையில் நின்று பார்ப்பவர்களுக்கு எளிதில் புலப்படும். கேஸ் ஏற்றுவதற்காக மேல்மூடியைக் கழற்றும் மெக்கானிக், கையோடு ஃபில்டரைத் தட்டிப் போடுகிறார். காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார். கம்ப்ரசர் காற்றால் ட்ரேயின் துளையை ஒரு தடவை ஊதிவிடுகிறார். அரைநாள் வண்டி நின்றதில் உறைந்திருந்த பனியெல்லாம் உருகிப் போகிறது. ஒழுகலை நிறுத்தியது இந்த உபகாரியங்கள். பில்லில் ஏறுவதோ கேஸ். சில வாரங்கள் கழித்துத் துளை மீண்டும் அடைபட்டதும், ‘கேஸ் மறுபடி இறங்கிவிட்டது’ என்று அந்தச் சித்தாந்தம் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்கிறது.

அத்தகைய பட்டறை ஒன்றில் நடந்த சம்பாஷணையை நான் கேட்டதுண்டு. ‘கேஸ் எறங்கிடுச்சிண்ணே, ஒரு ரெண்டு கிலோ ஏத்துனா சொட்டு நின்னுடும்’ என்றார் இளைஞரான மெக்கானிக். ‘போன மாசந்தான தம்பி ஏத்துனோம்? அதுக்குள்ள எங்க போச்சு?’ என்று கேட்டார் ஓட்டுநர். பதில் வரவில்லை. அருகில் டயர் மாற்றிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, பின்சக்கரத்துக்கு மேலே தொங்கிய ரப்பர் குழாயின் நுனியைப் பிடித்துப் பிழிந்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். முதலில் வந்தது கறுத்த கூழ் போன்ற வழவழப்பு. அதன் பின்னால், கம்பளிப் போர்வைகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு நூல் நூலாகத் திரண்டு, தலைமயிரும் நெற்பதரும் சிக்கி, சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு திரி வந்தது. அதற்கும் பின்னால் தண்ணீர் பீறிட்டு அவர் முழங்கை வரை நனைத்தது. படுக்கை பஸ்களில் ஒவ்வோர் இரவும் உதறி விரிக்கப்படும் போர்வைகளின் பஞ்சு காற்றோடு இழுபட்டு, ஃபில்டரின் ஓரத்து இடுக்குகள் வழியாக நுழைந்து, ஈரமான ட்ரேயில் ஒட்டி, அங்கே வளரும் பாசியோடு கலந்து குழாயை அடைக்கிறது. எத்தனை கிலோ கேஸ் ஏற்றினாலும் அந்தத் திரியை அது ஓர் அங்குலமும் அசைக்காது.

இந்த வீண் வைத்தியத்தின் செலவு வண்டிக்காரரின் பையோடு நின்றுவிடுவதில்லை. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987-இல் ஏற்பட்டது. புவி வெப்பமாதலுக்குத் துணைபோகும் குளிர்சாதன வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க வேண்டுமென்று 2016-இல் கிகாலியில் திருத்தம் செய்தார்கள். இந்தியா 2021-இல் அதை ஏற்றது. வண்டிகளில் மிகுதியாக வழங்கும் ஆர்-134ஏ என்ற வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிடச் சுமார் 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது, வீட்டு ஏ.சி.க்கள் பலவற்றிலுள்ள ஆர்-410ஏ சுமார் 2,088 மடங்கு. பின்னதில் ஒரு கிலோ கசிந்து காற்றில் கலந்தால், ஏறக்குறைய இரண்டு டன் பழுப்பு நிலக்கரியை எரித்ததற்கு ஒப்பாகும். நெய்வேலி நிலக்கரிப் புகையைக் குறித்து இத்தனை கவலைப்படும் இந்தப் பிரதேசத்து மக்கள், அடைபட்ட ஒரு ரப்பர் குழாய்க்காக அப்பெருங்கேட்டைக் காற்றில் கலக்க விடலாமா?

இனிச் சிலிக்கான் சித்தாந்தம். கேரவனிலோ டிரெய்லர் வண்டியிலோ உள்ளே தண்ணீர் விழுந்தால், கூரைமேல் ஏறி, ஏ.சி.யின் நாற்புற விளிம்பிலும் சிலிக்கானையோ எம்-சீலையோ தாராளமாகப் பூசிவிடுவது இன்று பெருவழக்கு. இதைவிட விபரீதமான பரிகாரத்தைக் கற்பனை செய்வது கடினம். மேலே சொன்னபடி அந்த யந்திரத்தின் நீர், அடித்தட்டின் துளைகள் வழியே கூரைமேல் வழிந்து ஓடுவதற்கென்றே விளிம்பைச் சுற்றிலும் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியை அடைத்துவிட்டால், நீர் யந்திரத்துக்கு அடியிலேயே குளமாகத் தேங்கும்; தேங்கிய நீருக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி, நடுவிலுள்ள 14 அங்குலச் சதுரத் துளையின் வழியாக வண்டிக்குள் இறங்குவதுதான். ஒழுகலை நிறுத்தப் பூசியது ஒழுகலை நிரந்தரமாக்கிவிடுகிறது. வெளியே வெயிலில் பூச்சு வறண்டு பார்வைக்குச் செம்மையாக இருப்பதால், குற்றம் அங்கேதான் இருக்கிறதென்று எவருக்கும் தோன்றுவதுமில்லை.

அந்தச் சதுரத் துளையைச் சுற்றி, யந்திரத்துக்கும் கூரைக்கும் நடுவே, தடித்த ஸ்பாஞ்சுப் பட்டை ஒன்று கேஸ்கெட்டாக வைக்கப்பட்டிருக்கும். உள்ளிருந்து மூலைகளில் முடுக்கப்படும் போல்ட்டுகள் அதை அழுத்திப் பிடித்திருக்கின்றன. பாதி கனத்துக்கு அது அமுங்கியிருப்பதுதான் சரியான நிலை. சாலையின் அதிர்ச்சியில் போல்ட்டு தளர்ந்தால் மழை நீரும் யந்திர நீரும் அதன் இடுக்கில் நுழையும். அளவுக்கு மீறி முடுக்கினால் ஸ்பாஞ்சு நசுங்கி உயிரிழந்துவிடும். ஒரு மூலையை மட்டும் முடுக்கினால் எதிர்மூலை வாய் பிளக்கும். ஆகவே செய்ய வேண்டிய காரியம், உள்மூடியைக் கழற்றி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குவது. ஸ்பாஞ்சு கெட்டிதட்டிப் போயிருந்தால் புதியதை மாற்றுவது. கூரைமேல் ஏறிப் பசை பூசுவது இதில் எந்தக் கட்டத்திலும் இடம்பெறாது.

மழைநீர்தான் இறங்குகிறதா, யந்திரத்தின் நீர்தான் இறங்குகிறதா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எந்தக் கருவியும் வேண்டியதில்லை. மழையற்ற நாளில், ஏ.சி. ஓடும்போது மட்டும் சொட்டினால் அது காற்றின் நீர், ஏ.சி. நின்றிருக்க, கூரைமேல் ஒரு குடம் நீரை மெல்ல ஊற்றும்போது சொட்டினால் அது கேஸ்கெட்டின் குற்றம். இந்தப் பிரத்தியட்சப் பரீட்சைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் கேஸ் என்றும் கூரை என்றும் அனுமானத்திலேயே தீர்ப்பு வழங்குவதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

இன்னும் நுட்பமான காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மிகச் சிறந்த மெக்கானிக்குகளையும் ஏமாற்றிவிடுகிறது. ஏ.சி. ஓடும்வரை ஒரு சொட்டும் விழாமல், அதை நிறுத்தியவுடன் தண்ணீர் கொட்டுகின்ற வண்டிகள் இருக்கின்றன. காயிலின் வழியே காற்றை இழுக்கும் விசிறி, ட்ரே இருக்கும் அறையிலிருந்தும் காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலால், வெளியேற வேண்டிய குழாயின் வழியாக வெளிக்காற்று எதிர்த்து மேலேறி, நீரை இறங்கவிடாமல் நிறுத்திவைக்கிறது. இழுவிசை 25 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமென்றால், ட்ரேயில் நீர் அவ்வளவு உயரம் ஏறிய பிறகே குழாயில் இறங்கும்; ட்ரேயின் விளிம்பு அதைவிடத் தாழ்ந்திருந்தால், நீர் விளிம்பைத் தாண்டி அதற்கு முன்பே உள்ளே வழிந்துவிடும். விசிறி நின்றதும், அதுவரை அலைக்கழிந்துகொண்டிருந்த நீரெல்லாம் ஒரே மூச்சில் சரிகிறது. இதற்கு நிவாரணம், குழாயின் போக்கில் யு வடிவ வளைவு ஒன்று அமைத்து அதில் எப்போதும் சிறிது நீர் நிற்கும்படி செய்வது. அந்த நீரே வெளிக்காற்றைத் தடுத்துவிடும். வளைவு இருக்க வேண்டிய இடத்தில், ‘அடைப்புக்கு அதுதான் காரணம்’ என்று அதை வெட்டி நேர்க்குழாய் போட்டுவிட்ட வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். ஓடும்போது சொட்டாத வண்டியைச் சோதித்து, ‘ஒன்றும் பழுதில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள்; அன்றிரவே சாப்பாட்டுக்காக நிறுத்திய இடத்தில், மேல் படுக்கையிலிருப்பவர் நனைந்து எழுகிறார்.

வண்டி நிற்கும் சாய்வும் இதில் சேரும். ட்ரேயின் வடிகால் ஒரு முனையில் இருக்க, வண்டியின் மறுமுனை பள்ளத்தில் நின்றால், நீர் வடிகாலைத் தேடிப் போக முடியாது. கேரவனைப் படப்பிடிப்புக்காக வயல் வரப்போரத்தில் ஒரு சக்கரம் தாழ நிறுத்திவிட்டு, நாள் முழுதும் ஏ.சி. ஓட்டினால் ஒழுகாமல் என்ன செய்யும்? பஸ்ஸில் ஓட்டுநர் பிரேக் போடும்போது முன்வரிசையும், வேகம் எடுக்கும்போது பின்வரிசையும் நனைகிறதென்றால், ட்ரேயில் நீர் நிறைந்து தளும்புகிறதென்று பொருள். அதுவே வடிகால் அடைபட்டதற்குப் போதிய அடையாளம். கூரைக்கும் உள்தகட்டுக்கும் இடையே குளிர்ந்த காற்று கசிந்து, மூடப்படாத இரும்புச் சட்டங்களைக் குளிர்வித்து வேர்க்கச் செய்வது வேறொரு வகை. அதற்கு அலுமினியத் தாள் ஒட்டிய டேப்பும் நுரை உறையும் போதும்.

மூன்றாவது அபிப்பிராயத்தை, அதாவது சொட்டுவது இயல்பென்று பொறுத்துக்கொள்ளும் மனோபாவத்தை, நான் மற்ற இரண்டையும்விட வன்மையாக எதிர்க்கிறேன். சாலையில் சொட்டுவது இயல்பு. படுக்கையில் சொட்டுவது பழுது. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது யந்திரத்தை அறியாமையும், மனிதரின் சிரமத்தை அலட்சியம் செய்வதுமாகும். ஆஸ்பத்திரிக்கென்று சென்னைக்குப் போகும் முதியவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார், மறுநாள் நேர்முகத் தேர்வுக்குத் தேய்த்த சட்டையோடு போகும் பிள்ளைகள், இவர்கள்தாம் இந்த பஸ்களில் ஏறுகிறார்கள். ஏ.சி.க்கென்று கூடுதல் கட்டணம் கொடுத்துவிட்டு, விடியும்வரை முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் படுத்திருக்க வேண்டுமென்று அவர்களுக்கு என்ன விதி? பாசி படர்ந்த ட்ரேயிலிருந்து விழும் அந்த நீர் சுத்தமானதுமன்று. ஒட்டுப்பலகையில் ஊறி, அது உப்பிப் பூஞ்சை பிடித்து, அதன் நெடி குளிர்காற்றோடு எல்லோர் மூச்சிலும் கலக்கிறது. விளக்குக்குப் போகும் ஒயர்களின் இணைப்புகளில் இறங்கினாலோ, விளைவு துர்நாற்றத்தோடு நிற்காது.

‘இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரமேது? மாலையில் வண்டி புறப்பட வேண்டும்’ என்று பட்டறைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு மதிப்புக் குறைவில்லை. உச்சி வெயிலில் கூரைத் தகட்டின்மேல் மண்டியிட்டு வேலை செய்வது எளிய காரியமன்று. ஆனால் கேஸ் ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தில் பாதிகூடக் குழாய் கழுவுவதற்கு ஆகாது. உண்மையான தடை நேரமன்று, கூலி. கேஸுக்கு ஆயிரக்கணக்கில் பில் போட்டால் தயங்காமல் கொடுக்கும் உரிமையாளர், ‘குழாயில் அடைப்பு எடுத்தேன், ஐந்நூறு ரூபாய்’ என்றால், கம்பியை விட்டு ஆட்டியதற்கா என்று பேரம் பேசுகிறார். நோயை அறிந்து தீர்த்தவருக்குக் குறைவாகவும், அறியாமல் சரக்கு விற்றவருக்கு மிகுதியாகவும் கொடுக்கும் இந்த வழக்கத்தை உரிமையாளர்கள் மாற்றிக்கொள்ளாதவரை, பட்டறைகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

நீரைக் கவனிப்பது சில்லறைக் காரியமென்று கருதும் மனப்பான்மை வேறெங்கே இருந்தாலும் நெய்வேலியை அடுத்த கம்மாபுரத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நெய்வேலியில் நிலக்கரி இருப்பது தெரிந்த பிறகும் அதை எடுப்பது அசாத்தியமென்று பலர் கைவிரித்ததற்குக் காரணம், நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ வரை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்த நிலத்தடி நீர். 1957 மே மாதத்தில் ஜவாஹர்லால் நேரு தொடங்கிவைத்த அந்தச் சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க்கிணறுகள் தோண்டி, இரவும் பகலும் அந்த நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தபடியேதான் வெட்டுகிறார்கள். அந்த நீரை வெளியேற்றும் வழி ஒரு நாள் தடைபட்டால், எத்தனை பெரிய ராட்சத யந்திரமும் அங்கே வெட்ட முடியாது. இந்த ஞானத்தைத் தினந்தோறும் கண்ணெதிரே பார்க்கும் ஊரில், ஒரு பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு குடம் நீரை இறக்கிவிடும் வித்தை தெரியாமற் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனவே உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் இன்றே ஒரு நிபந்தனையைக் கடைப்பிடிக்கலாம். ஒழுகலென்று வண்டியைப் பட்டறையில் விடும்போது, கேஜை மாட்டுவதற்கு முன் ஃபில்டரைக் கழுவிக் காட்டும்படியும், ட்ரேயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றும்படியும் கேட்க வேண்டும். ஊற்றிய நீர் நான்கு குழாய்களிலும் தங்குதடையின்றிச் சாலையில் விழுகிறதா என்று வண்டிக்கடியில் குனிந்து பார்க்க வேண்டும். படுக்கை பஸ்ஸாக இருந்தால் போர்வைப் பஞ்சின் நிமித்தம் இதை மாதந்தோறும், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும்; கேரவனாக இருந்தால், யாரேனும் விளிம்பில் பூசிவைத்த சிலிக்கானை முதலில் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகும் காயிலில் பனி படிந்து குளிர் தளர்ந்திருந்தால், அப்போது கேஸைப் பற்றிப் பேசலாம். அப்போதும், கசிவு எந்த இடத்தில் என்று சோப்பு நுரையிட்டுக் காட்டிய பிறகே சிலிண்டரைத் திறக்கச் சம்மதிக்க வேண்டும்.